படித்தது புரிந்ததா? எழுதிப் பாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிச் சில மாதங்கள் ஆனவர்களின் டவுண்லோட்ஸ் போல்டரைத் திறந்தால் பி.டி.எப். பைல்கள் நிறைந்திருக்கும். பிரவுசரில் புக்மார்க்குகள் நூற்றைத் தாண்டி இருக்கும். நல்ல கட்டுரை ஒன்று கண்ணில் பட்டால் உடனே அதைச் சேமித்துவிடுகிறோம். சேமித்தவுடன் அது நமக்குத் தெரிந்துவிட்டது போன்ற ஒரு திருப்தியும் வந்துவிடுகிறது. ஆனால் பைல் இருப்பது டிஸ்க்கில். அதில் உள்ள விஷயம் நம் மனதில் இருக்கிறதா?

இதை அறிய ஓர் எளிய வழி உண்டு. படித்த பக்கத்தை மூடிவிட்டு, அதில் இருந்ததை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதிப் பார்க்க வேண்டும். எழுத முடிந்தால் புரிந்திருக்கிறது. எழுத முடியாமல் எந்த இடத்தில் நிற்கிறீர்களோ, அதுதான் நீங்கள் மீண்டும் படிக்க வேண்டிய இடம். இதற்குக் கட்டணமில்லை. விண்டோஸுடன் வரும் நோட்பேட் போதும். எப்படிச் செய்வது என்று பார்ப்போமா?

முதலில் ஒரு சோதனை

மேலே படிக்கும் முன் ஒரு தாளை எடுத்துக் கொள்ளுங்கள். அல்லது நோட்பேடைத் திறந்து கொள்ளுங்கள். கேள்வி இதுதான்: "கம்ப்யூட்டரில் ஒரு பைலை டெலீட் செய்தால் என்ன நடக்கிறது?"

நீங்கள் தினமும் செய்யும் வேலை இது. "இது தெரியாதா?" என்றுதான் தோன்றும். ஐந்து வரிகள் எழுதுங்கள். "ரீசைக்கிள் பின்னுக்குப் போகும்" என்று முதல் வரி வந்துவிடும். அதைக் காலி செய்தால்? பைல் எங்கே போகிறது? அழித்த பைலை மீட்டுத் தருவதாகச் சொல்லும் புரோகிராம்கள் அதை எங்கிருந்து எடுக்கின்றன? பென் டிரைவில் அழித்தால் என்ன ஆகும்? மூன்றாவது வரியிலேயே பேனா நின்றுவிட்டதா? கவலை வேண்டாம். இது எல்லாருக்கும் நடப்பதுதான்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியோனிட் ரோசன்பிளிட், பிராங்க் கைல் என்ற இரு ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டில் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். ஜிப், பூட்டு, தையல் மெஷின், ஹெலிகாப்டர் போன்றவை எப்படி இயங்குகின்றன என்பது உங்களுக்கு எந்த அளவுக்குத் தெரியும் என்று கேட்டு, முதலில் மதிப்பெண் போட்டுக் கொள்ளச் சொன்னார்கள். பிறகு அவை இயங்கும் விதத்தைப் படிப்படியாக எழுதச் சொன்னார்கள். எழுதிய பின் மீண்டும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். இரண்டாம் முறை மதிப்பெண் குறைந்தது. தமக்குத் தெரியும் என்று நினைத்தது அவ்வளவாகத் தெரியவில்லை என்பது எழுதிய பிறகே அவர்களுக்குப் புலப்பட்டது.

தினமும் கையாளும் பொருள் பழக்கமாகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தை நம் மனம் புரிதல் என்று எடுத்துக் கொள்கிறது. கம்ப்யூட்டர் விஷயத்தில் இந்த மயக்கம் இன்னும் அதிகம். ஏனென்றால் திரையில் ஐகானைக் கிளிக் செய்கிறோம், வேலை முடிந்துவிடுகிறது. உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இப்போது படியுங்கள்

சோதனைக்கான விடையைப் பார்ப்போம். விண்டோஸில் டிஸ்க்கில் உள்ள ஒரு பைலை டெலீட் செய்தால் அது பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்கு மாற்றப்படுகிறது. அது பிடித்திருக்கும் இடம் இன்னும் காலியாகவில்லை. தேவையென்றால் ரெஸ்டோர் செய்து பழைய இடத்திற்கே கொண்டு வரலாம். ஷிப்ட் கீயை அழுத்திக் கொண்டு டெலீட் செய்தால் பைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நேரடியாக நீக்கப்படும். பென் டிரைவில் உள்ள பைலை அழித்தாலும் வழக்கமாக இதே நிலைதான்.

ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யும்போது, அந்தப் பைல் இருந்த இடத்தை "இனி பயன்படுத்தலாம்" என்று விண்டோஸ் தன் பட்டியலில் குறித்துக் கொள்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் அந்தத் தகவல் உடனே அழிக்கப்படுவதில்லை. அதே இடத்தில் வேறு ஒன்று எழுதப்படும் வரை பழைய தகவல் அங்கேயே இருக்கும். மீட்டுத் தரும் புரோகிராம்கள் இதைத்தான் தேடி எடுக்கின்றன.

எஸ்.எஸ்.டி. டிரைவில் கதை வேறு. எந்த இடங்கள் இனி தேவையில்லை என்பதை டிரிம் என்ற கட்டளை மூலம் விண்டோஸ் டிரைவுக்குத் தெரிவித்துவிடும். டிரைவ் தன் வசதிப்படி அந்த இடங்களைத் துடைத்துவிடும். ஆகவே எஸ்.எஸ்.டி.யில் அழித்த பைலை மீட்பது பெரும்பாலும் முடியாத காரியம். விண்டோஸ் 7 வெளியான 2009ஆம் ஆண்டு முதல் இந்த வசதி விண்டோஸில் இருக்கிறது.

படித்துவிட்டீர்களா? இப்போது இந்தப் பக்கத்தை மூடுங்கள். அதே கேள்விக்கு மீண்டும் எழுதுங்கள். பார்த்து எழுதக் கூடாது. எழுதி முடித்த பிறகு மட்டுமே திறந்து ஒப்பிட வேண்டும்.

எப்படி எழுதினால் பயன்?

இருவர் எழுதிய குறிப்புகள் எப்படி இருக்கலாம் என்று பார்ப்போம். ஒருவர் இப்படி எழுதுகிறார்: "டெலீட் செய்தால் ரீசைக்கிள் பின் செல்லும். காலி செய்தால் இடம் பயன்படுத்தலாம் எனக் குறிக்கப்படும். எஸ்.எஸ்.டி.யில் டிரிம் கட்டளை உண்டு."

இதில் தவறு ஏதுமில்லை. ஆனால் இவை கட்டுரையின் வார்த்தைகள். பரீட்சைக்குக் கைடு பார்த்து மனப்பாடம் செய்வது போன்றது இது.

இன்னொருவர் எழுதுகிறார்: "பழைய கம்ப்யூட்டரை விற்கப் போகிறேன். அதில் வங்கிக் கணக்கு விவரங்கள் இருந்தன. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்துவிட்டேன் என்று நிம்மதியாக இருக்க முடியாது. ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் வாங்குபவர் எடுத்துவிடலாம். அதே சமயம், குழந்தையின் போட்டோக்களை ஹார்ட் டிஸ்க்கில் தெரியாமல் அழித்துவிட்டால், உடனே அந்தக் கம்ப்யூட்டரில் வேறு எதையும் பதியாமல் நிறுத்த வேண்டும். கேள்வி: என்னிடம் இருப்பது ஹார்ட் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா?"

இந்த இரண்டாவது குறிப்பைக் கவனியுங்கள். படித்த விஷயத்தை இவர் தன் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார். கட்டுரையில் சொல்லப்படாத இரண்டு முடிவுகளைத் தானே அடைந்திருக்கிறார். கடைசியில் ஒரு நல்ல கேள்வியும் பிறந்திருக்கிறது. சிந்தனை கூர்மையாகிறது என்று சொல்வது இதைத்தான்.

அந்தக் கேள்விக்கு விடை வேண்டுமா? கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் பகுதிக்குச் சென்றால், இப்போதைய விண்டோஸ் பதிப்புகளில் டிஸ்க் என்பதன் கீழ் அது எந்த வகை என்பது காட்டப்படும்.

அச்சகத்தில் வேலை பார்த்த சிறுவன்

இந்த முறை கம்ப்யூட்டர் வந்த பிறகு தோன்றியதல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1706ஆம் ஆண்டு பிறந்த பெஞ்சமின் பிராங்க்ளின் 10 வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். 12 வயதில் தன் அண்ணனின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். நண்பர் ஒருவருடன் கடிதங்கள் மூலம் ஒரு விவாதம் நடத்தி வந்தார். அந்தக் கடிதங்களைப் படித்த அவருடைய தந்தை, எழுத்துப் பிழைகள் இல்லை, ஆனால் நடையிலும், சொல்லும் ஒழுங்கிலும், தெளிவிலும் குறை இருக்கிறது என்று உதாரணங்களோடு எடுத்துக் காட்டினார்.

அந்தச் சமயத்தில் லண்டனில் வெளியான 'ஸ்பெக்டேட்டர்' என்ற இதழின் தொகுப்பு ஒன்று பிராங்க்ளினுக்குக் கிடைத்தது. அதில் அவர் செய்தது என்ன என்பதைத் தன் சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு கட்டுரையைப் படிப்பார். ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதிக் கொள்வார். சில நாட்கள் அதை அப்படியே விட்டுவிடுவார். பிறகு புத்தகத்தைப் பார்க்காமல், அந்தக் குறிப்புகளை மட்டும் வைத்துக் கொண்டு முழுக் கட்டுரையையும் தன் வார்த்தைகளில் எழுதுவார். கடைசியில் மூலத்தோடு ஒப்பிட்டுத் தன் குறைகளைத் திருத்துவார்.

அதோடு நிற்கவில்லை. சில சமயம் குறிப்புகளை வேண்டுமென்றே கலைத்துப் போட்டுவிடுவார். சில வாரங்கள் கழித்து அவற்றைச் சரியான வரிசையில் அடுக்கிய பிறகே எழுதத் தொடங்குவார். எண்ணங்களை ஒழுங்குபடுத்தக் கற்றுக் கொள்வதற்காகவே இதைச் செய்ததாக அவர் கூறுகிறார். இத்தனைக்கும் அவருக்குக் கிடைத்த நேரம் இரவில் வேலை முடிந்த பிறகு, காலையில் வேலை தொடங்கும் முன், மற்றும் ஞாயிற்றுக்கிழமைகள் மட்டுமே. பள்ளிப் படிப்பு இல்லாத அந்தச் சிறுவன் பின்னாளில் பத்திரிகையாளராகவும், மின்சாரத்தை ஆராய்ந்த விஞ்ஞானியாகவும், நாட்டின் தூதராகவும் உயர்ந்தார்.

இங்கே முக்கியமானது "சில நாட்கள் விட்டுவிடுவது" என்ற படி. படித்த சூட்டோடு எழுதினால் கட்டுரையின் வார்த்தைகளே கையில் வரும். சில நாட்கள் கழித்து எழுதும்போது நாமே யோசித்தாக வேண்டும்.

நான்கு முறை படிப்பதா, ஒரு முறை படித்து எழுதுவதா?

இந்த முறை சாதாரண மாணவர்களுக்கும் பலன் தருமா? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகர், ஜெப்ரி கார்பிக்கி ஆகியோர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை இதற்கு விடை தருகிறது. மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு சிறிய பாடத்தை நான்கு தடவைகள் படித்தனர். மற்றொரு பிரிவினர் ஒரு தடவை மட்டும் படித்து, மூன்று தடவைகள் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினர்.

ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, நான்கு தடவை படித்தவர்களே முன்னணியில் இருந்தனர். அவர்கள் 83 சதவீதம், எழுதியவர்கள் 71 சதவீதம். ஆனால் ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவில் இருந்தது. எழுதியவர்களுக்கு 61 சதவீதம் நினைவில் இருந்தது. இன்னொரு விஷயம். தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்களே!

ஆகவே படிக்கும்போது சுலபமாக இருப்பதை வைத்து, நன்றாகக் கற்றுக் கொண்டோம் என்று முடிவு செய்ய முடியாது. எழுதும்போது வரும் சிறு சிரமம்தான் விஷயத்தை மனதில் நிறுத்துகிறது.

கேள்வி கேட்டுப் படியுங்கள்

எழுதுவதற்கு வசதியாகப் படிக்கும்போதே நான்கு கேள்விகளைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

1. இதைச் சொல்பவர் யார்? அவருக்கு இதில் என்ன லாபம்?
2. இவர் சொல்லும் முக்கியமான விஷயம் என்ன? ஒரே வரியில் சொல்ல முடியுமா?
3. அதற்கு என்ன ஆதாரம் தருகிறார்? அதை நான் வேறு வழியில் சரி பார்க்க முடியுமா?
4. இது உண்மையென்றால் நான் என்ன செய்ய வேண்டும்?

இந்தப் பழக்கம் உங்கள் பணத்தையும் காப்பாற்றும். "மின் கட்டணம் செலுத்தாததால் இன்று இரவு உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும். உடனே இந்த எண்ணை அழைக்கவும்" என்று ஒரு மெசேஜ் வருகிறது என்று வைத்துக் கொள்வோம். சும்மா படிப்பவரின் கண் "இன்று இரவு" என்ற இடத்திலேயே நின்றுவிடும். கை போனை எடுத்துவிடும். கேள்வி கேட்டுப் படிப்பவரோ முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவார். அனுப்பியவர் யார்? ஏதோ ஒரு தனி மொபைல் எண். ஆதாரம் என்ன? என் இணைப்பு எண்ணோ, பாக்கித் தொகையோ எதுவும் இல்லை. சரி பார்க்க முடியுமா? மின்வாரியத்தின் தளத்தில் நானே பார்க்கலாம். அவ்வளவுதான், ஏமாற்று வேலை வெளுத்துவிடும். ஒருவேளை பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் செய்யுங்கள்.

கம்ப்யூட்டரில் ஏற்பாடு செய்வது எப்படி?

டாக்குமெண்ட்ஸ் போல்டருக்குள் "என் குறிப்புகள்" என்று ஒரு போல்டர் உருவாக்கிக் கொள்ளுங்கள். ஒவ்வொரு விஷயத்திற்கும் ஒரு நோட்பேட் பைல் போதும். பைலின் பெயரை வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் தொடங்கி, பின்னர் தலைப்பைக் கொடுங்கள். இப்படிப் பெயர் வைத்தால் பைல்கள் தாமாகவே கால வரிசையில் அடுக்கப்பட்டுவிடும்.

நோட்பேடைத் திறந்து எப்5 கீயை அழுத்தினால் அன்றைய தேதியும் நேரமும் பதிவாகும். பிறகு மூன்று பகுதிகளாக எழுதுங்கள்: "எனக்குப் புரிந்தது", "எனக்கு எதற்குப் பயன்", "இன்னும் தெரியாதது". மூன்றாவது பகுதியைக் காலியாக விடாதீர்கள். அடுத்து என்ன படிக்க வேண்டும் என்பதைச் சொல்வது அதுதான்.

தமிழில் எழுத வேண்டுமா? செட்டிங்ஸ் சென்று டைம் அண்ட் லாங்வேஜ் பிரிவில் தமிழைச் சேர்த்துக் கொள்ளுங்கள். அதில் தமிழ்99 கீபோர்டும், ஒலிப்படி ஆங்கில எழுத்துகளில் டைப் செய்யும் போனெட்டிக் கீபோர்டும் கிடைக்கும். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தி மொழியை மாற்றிக் கொள்ளலாம். பைலைச் சேமிக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில் யூ.டி.எப்.-8 இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். டைப்பிங் பழகவில்லை என்றால் சாதாரண நோட்டுப் புத்தகமே போதும்.

ஒரு எச்சரிக்கை. கட்டுரையிலிருந்து காப்பி செய்து இந்த போல்டரில் பேஸ்ட் செய்யாதீர்கள். கன்ட்ரோல்+சி, கன்ட்ரோல்+வி அழுத்தும்போது உழைப்பது கம்ப்யூட்டர் மட்டும்தான்.

சொந்த விஷயங்களையும் எழுதுங்கள்

படித்ததை மட்டும்தான் எழுத வேண்டும் என்பதில்லை. புது பிரிண்டர் வாங்க நினைக்கிறீர்களா? வாங்கும் முன் நான்கு வரிகள் எழுதுங்கள். எதற்காக வேண்டும்? மாதம் எத்தனை பக்கம் பிரிண்ட் எடுப்பேன்? மை எவ்வளவு விலை? ஆறு மாதம் கழித்து அந்தக் குறிப்பைத் திறந்து பாருங்கள். உங்கள் கணிப்பு எங்கே சரியாக இருந்தது, எங்கே தவறியது என்பது தெரியும். நினைவை மட்டும் நம்பினால், "நான் அப்போதே நினைத்தேன்" என்று மனம் கதையை மாற்றிவிடும். எழுத்து மாற்றாது.

நான் பணிபுரியும் சாப்ட்வேர் துறையில் இதற்கு ஒரு வேடிக்கையான பெயரே உண்டு. 1999ஆம் ஆண்டு வெளியான 'தி பிராக்மாடிக் புரோகிராமர்' என்ற புத்தகம் பிரபலப்படுத்திய வழி அது. புரோகிராமில் பிழை எங்கே என்று தெரியாவிட்டால், மேஜையில் ஒரு ரப்பர் வாத்து பொம்மையை வைத்து, ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று அதற்கு விளக்க வேண்டும். வாத்து பதில் சொல்லாது. ஆனால் விளக்கிக் கொண்டிருக்கும்போதே பிழை கண்ணில் பட்டுவிடும். உங்கள் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றால் மெக்கானிக்கை அழைக்கும் முன் எழுதிப் பாருங்கள்: என்ன செய்தேன்? என்ன எதிர்பார்த்தேன்? என்ன நடந்தது? பல சமயம் எழுதும்போதே காரணம் தெரிந்துவிடும். தெரியாவிட்டாலும் மெக்கானிக்கிடம் தெளிவாகச் சொல்ல முடியும்.

ஏ.ஐ. இருக்கும்போது எதற்கு இத்தனை சிரமம்?

நியாயமான கேள்வி. இன்று ஒரு நீண்ட கட்டுரையைக் கொடுத்தால் ஏ.ஐ. புரோகிராம்கள் சில விநாடிகளில் சுருக்கிக் கொடுத்துவிடுகின்றன. அவசரத்திற்கு அது உதவும். ஆனால் எதை வைத்துக் கொள்வது, எதை விடுவது என்று முடிவு செய்வதுதான் சிந்தனைக்கான பயிற்சி. அதை ஏ.ஐ.யிடம் கொடுத்துவிட்டால் பயிற்சியும் அதனிடமே போய்விடும்.

எனவே வரிசையை மாற்றிக் கொள்ளுங்கள். முதலில் நீங்கள் எழுதுங்கள். பிறகு உங்கள் குறிப்பையும் கட்டுரையையும் கொடுத்து, "இதில் நான் எதை விட்டுவிட்டேன்? எதைத் தவறாகப் புரிந்து கொண்டேன்?" என்று கேளுங்கள். அது சொல்வதும் தவறாக இருக்கலாம் என்பதால், கட்டுரையைப் பார்த்து உறுதி செய்து கொள்ளுங்கள். இப்படிச் செய்தால் அது உங்களுக்குப் பதிலாக யோசிக்காமல், உங்கள் வாத்தியாரைப் போலத் திருத்தித் தரும்.

எப்படித் தொடங்குவது?

தினமும் ஒரு கட்டுரை, 15 நிமிடம். பத்து நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் எழுத்து. அழகாக எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எழுத்துப் பிழை வந்தாலும் பரவாயில்லை. அதை வேறு யாரும் படிக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த வாரக் குறிப்புகளின் தலைப்புகளை மட்டும் பார்த்து, ஏதாவது ஒன்றை நினைவிலிருந்து மீண்டும் எழுதி ஒப்பிடுங்கள். வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் சேர்த்துக் கொள்ளுங்கள். அவர்களுடைய பாடத்திற்கும் இதே வழிதான்.

முதல் பயிற்சிக்கு வேறு கட்டுரை தேட வேண்டாம். மூன்று நாட்கள் கழித்து, இந்த இதழைத் திறக்காமல், டெலீட் செய்த பைலுக்கு என்ன ஆகிறது என்று பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்வது போல எழுதிப் பாருங்கள். பேனா எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கோடு போடுங்கள். அடுத்த பாடம் அங்கிருந்து தொடங்குகிறது.